வண்டி நிற்காத ஊரிலிருந்து ரயில்வே கோட்ட மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோட்ட மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

போத்தனூர் – பொள்ளாச்சி பாதையில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரை இந்த மடலில் நான் எழுதப்போவதில்லை. மஞ்சள் பலகையிலிருந்து நீங்கள் எடுத்துவிட்ட பெயரை நான் மட்டும் எதற்குச் சுமக்க வேண்டும்? எந்த ஊர் என்று உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். எங்கள் ரயில் நிலையக் கட்டிடத்தை இடிக்கச் சென்ற மாதம் ஜேசிபி அனுப்பிய ஊர்.

காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். பதினொன்றுக்கெல்லாம் முடிந்துவிட்டது. 1915-இல் பாதை போட்ட காலத்துக் கருங்கல் சுவரும் மங்களூர் ஓடும் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "பழுதடைந்த கட்டிடம், ஆபத்து" என்றார் உடன் வந்த அதிகாரி. உண்மைதான். 2009-இல் பாதையை அகலப்படுத்த மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்தியபோது பூட்டிய கதவை அதன்பிறகு யாரும் திறக்கவில்லை. ஆடிக்காற்று வருடத்துக்கு இருபது ஓடாகப் பெயர்த்துக்கொண்டு போனது. மழை உள்ளே இறங்கினால் எந்தச் சுவர்தான் பழுதாகாது? கூரையைப் பிரித்துவிட்டு, ஏன் நனைந்தாய் என்று கேட்கிற கதை இது.

2017-இல் அகலப்பாதையில் வண்டிகள் திரும்பி வந்தன. எங்கள் ஊரில் நிற்கவில்லை. ஒரு மீட்டராக இருந்த பாதையை 1.676 மீட்டராக அகலப்படுத்தினீர்கள். அகன்ற அந்த இரண்டடியில் எங்கள் ஊருக்கு மட்டும் இடம் இல்லாமல் போனது. போகட்டும், வண்டி நிற்கவில்லையே தவிர, கட்டிடம் நின்றது. அது நிற்கும் வரை என்றாவது வண்டியும் நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு இன்றும் 'ரயிலடி' என்றுதான் பெயர். ரயிலடிக்கு என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறோம். இறங்கிப் பார்த்தால் ரயில் எட்டு வருடங்களாக நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது, அடி சென்ற மாதம் போய்விட்டது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இடித்த இடத்தில் ஒரு சிறிய கட்டிடம் கட்டிக்கொடுங்கள். காலையில் ஒரு வண்டியையும் இரவில் ஒரு வண்டியையும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

கோவைக்குத்தான் நிமிடத்துக்கொரு பஸ் போகிறதே என்பீர்கள். என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சிறுநீரகக் கோளாறு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கோவையில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; அரைமணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது, ரயிலில் உண்டு. எங்கள் ரயில் ஆசை அவ்வளவுதான். அடுத்த நிலையத்தில் ஏறினால் உட்கார இடம் இருக்காது. ஆகவே வடக்கே கோவைக்குப் போக வேண்டிய அம்மா, முதலில் தெற்கே ஒன்பது கிலோமீட்டர் பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போகிறார். அங்கே வண்டி ஏறிச் சிறிது நேரத்தில் எங்கள் தோட்டத்தைத் தாண்டுகிறார். ஒருநாள் ஜன்னலோரம் இருந்தவர் திரும்பி, "மோட்டாரை நிறுத்தாமலா வந்தாய்?" என்றார். எட்டிப் பார்த்தேன். தொட்டி நிரம்பி, வாய்க்கால் வழிந்து, தண்ணீர் இட்டேரிப் பாதை வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நூறு கெஜ தூரம்தான். இறங்க முடியாது.

திரும்பும்போது இரவு. வண்டி எங்கள் ஊரை நெருங்குகையில், நாற்பது வருடப் பழக்கம், அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். கேட் விளக்கின் வெளிச்சத்தில் அந்த ஓட்டுக்கூரை தெரியும். அதுதான் அவருக்கு அடையாளம். கையைப் பிடித்து உட்கார வைப்பேன். பிறகு பொள்ளாச்சியில் இறங்கி, டவுன் பஸ் போய்விட்டிருந்தால் ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்து, வந்த வழியே திரும்புவோம். ஒவ்வொரு முறையும் அம்மா எழுவார், ஒவ்வொரு முறையும் உட்கார வைப்பேன். சென்ற வாரம் அவர் எழவில்லை. ஊர் போன பிறகு, "இன்னும் நம்ம ஊர் வரவில்லையா?" என்று கேட்டார்.

நிறுத்தம் ஏன் இல்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். "போதிய வருவாய் இல்லை" என்று பதில் வந்தது. வண்டியே நிற்காத ஊரில் ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை என்பதை எத்தனை பேர் உட்கார்ந்து கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு எங்கள் பாராட்டைச் சொல்லிவிடுங்கள்.

2023 ஆகஸ்ட் 6 அன்று நாடு முழுவதும் 508 நிலையங்களைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார்கள். மகிழ்ச்சி. தொலைக்காட்சியில் காட்டிய படங்களில் கண்ணாடியும் நகரும் படிக்கட்டும் பளபளத்தன. அங்கே நகரும் படிக்கட்டு வருகிறது, இங்கே நகராமல் கிடந்த நான்கு கல்படியையும் பெயர்த்தாயிற்று. மீட்டர் கேஜ் காலத்தில் கோவையிலிருந்து பொள்ளாச்சி, பழனி வழியாக ராமேஸ்வரத்துக்கே வண்டி ஓடியது. அதைத் திரும்பக் கேட்டு இந்தப் பக்கத்து ஊர்கள் எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு நடைமேடையே கட்டிவிடலாம். தாளில் கட்டியதென்றாலும் உங்கள் ஒப்பந்ததாரர்கள் கட்டுவதைவிட...

மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது வேறு. எங்கள் பக்கத்தில் கோபத்தைக்கூட 'ங்க' சேர்த்துத்தான் சொல்வார்கள். நானும் அப்படியே கேட்டுக்கொள்கிறேன்: கண்ணாடி வேண்டாம், படிக்கட்டு ஓட வேண்டாம். டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னல், பத்துப் பேர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு கூரை, பெண்களுக்கு ஒரு கழிப்பறை, வயதானவர்கள் ஏறும் உயரத்தில் ஒரு நடைமேடை. காலையில் ஒரு நிமிடம், இரவில் ஒரு நிமிடம். ஆறு மாதம் நிறுத்திப் பாருங்கள். அதன்பிறகு வருவாய்க் கணக்கை எடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டி வருவதற்கு முன் தட்டுவார்களே, கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, அது இடிபாட்டுக்குள் கிடந்தது. லாரியில் ஏற்றுவதற்குள் நாங்கள் எடுத்துவிட்டோம். இப்போது ரயிலடி டீக்கடையில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறோம். ரயில்வே சொத்து என்பது தெரியும். புதிய கட்டிடத்தில் அதை மாட்ட ஒரு கொக்கி அடித்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம். அதுவரை தர இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரயிலடியிலிருந்து ஒரு பயணி