வெள்ளைப் பசை வேண்டாம், மீனா

பஃபலோ

அன்புள்ள மீனாவுக்கு,

பக்கத்து வீட்டுக்காரர் சும்மா கொடுத்தார் என்று, துளை போட்ட காகித ரோலை ஓட்டினால் தானே வாசிக்கிற ப்ளேயர் பியானோவை வீட்டுக்குள் இறக்கிவிட்டாய். அம்மா இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

பாதி சுரம் பேசவில்லை என்றாயே, முதலில் கட்டைகளைக் கையால் அழுத்திப் பார். கைக்கும் பேசாவிட்டால் அது பியானோவின் கோளாறு. கைக்குப் பேசி, ரோலுக்குப் பேசாததுதான் நம் வேலை. உடனே எதையும் பிரிக்காதே. ரோல் உரசிப் போகிற பித்தளைப் பட்டையில் சுரத்துக்கு ஒன்றாக ஓட்டைகள் இருக்கும். இத்தனை வருஷத்துக் காகிதத் தூசி அதில்தான் அடைந்துகிடக்கும். அதற்கென்றே உள்ள கைப்பம்பை வைத்து உறிஞ்சு. வாயால் ஊதினால் தூசி உள்ளே போய் வால்வில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தப் பெட்டிக்கும் ஊதுகிற பழக்கம் கிடையாது, உறிஞ்சுவதுதான். நீ மிதிக்க மிதிக்க உள்ளே காற்று குறையும். ரோலில் துளை வந்ததும் அந்த ஓட்டை வழியே இத்தனூண்டு காற்று நுழைந்து, காசு அகலத் தோல் ஒன்றை உப்பவைக்கும். தோல் வால்வைத் தூக்கும். உடனே அந்தச் சுரத்துக்கான குட்டித் துருத்தியின் காற்றும் உறிஞ்சப்பட, அது சட்டென்று சுருங்கிச் சுத்தியலைத் தட்டிவிடும். எங்கே ஒழுகினாலும் சத்தம் போச்சு. துருத்தித் துணியை விரலால் மெல்ல வளைத்துப் பார். மொடமொடத்தால் 88 துருத்திக்கும் துணி மாற்ற வேண்டியதுதான். ஒரு குளிர்காலம் போய்விடும். ஈயக் குழாயில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வெறுங்கையால் தொடாதே, குழந்தையையும் கிட்டே விடாதே.

அப்புறம் பசை. என் முதல் பியானோவில் பன்னிரண்டு துருத்திகளை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். கச்சிதமாகப் பிடித்தது. ஒன்று கோணல் என்று பிரிக்கப் போனால் மரமே சிலும்பு சிலும்பாகப் பிய்ந்து வந்தது. தாத்தா வீட்டில் ஆசாரி டப்பாவில் வஜ்ரம் என்கிற தோல் பசையைக் காய்ச்சுவாரே, நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாயே, அதுதான் இதற்கும். சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். 1920களில் ஒட்டியவர்கள் அதைப் போட்டதால்தான் இன்றைக்கு நம்மால் கழற்ற முடிகிறது.

ரோலுக்குக் கவலைப்படாதே. 1908இல் ப்ளேயர் பியானோ கம்பெனிக்காரர்கள் இதே பஃபலோவில் கூடி, அங்குலத்துக்கு 9 துளை என்று ஒத்துக்கொண்ட புண்ணியம், 88 சுர ரோல் யாருடையதானாலும் ஓடும்.

ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் ஃபோட்டோ எடு. கைப்பம்பும் வஜ்ரமும் பார்சலில் வருகின்றன. ஊறுகாயில் வாடை ஏறிவிடும் என்று அம்மா வஜ்ரத்துக்கு நான்கு உறை போட்டிருக்கிறாள்.

அப்பா