ஏழாவது ஸ்லைடு

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பியதை ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுதாகப் பார்த்தேன். புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களுக்கு, அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோக்களின் தன்னாட்சி நிலமான நவஹோ நாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேச உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மா ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஏழாவது ஸ்லைடுதான் எனக்கு ஒப்பவில்லை. 'அமெரிக்காவுக்குள் ஒரு நேபாளம்' என்று தலைப்புப் போட்டு, 'நேபாள மலைகளில் வேலை பார்த்த என் அப்பா சொன்னது' என்று என்னையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். நான் எப்போது சொன்னேன் கண்ணு? 2018இல் நீ வேலை பார்க்கும் சின்லியில் உன்னோடு இருந்த மூன்று வாரத்தில் 'இது நேபாளம் மாதிரி இருக்கிறது' என்று ஒரு தடவை வாய்விட்டிருப்பேன். தண்ணீர் டிரம்மைப் பார்த்துச் சொன்னது அது. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்க அரசு 2023இல் போட்ட வறுமைக் கோடு நாலு பேர் குடும்பத்துக்கு வருஷம் 30,000 டாலர். தலைக்கு 7,500. நேபாளத்தில் ஒரு ஆளுக்கு வருஷ வருமானம் சராசரியாக 1,400 டாலரை ஒட்டித்தான் வரும். அமெரிக்க ஏழை, நேபாளத்துச் சராசரி ஆளைப் போல ஐந்து பங்கு பணக்காரர் என்றாகிறது. போதாக்குறைக்கு நவஹோக்களுக்கு உடன்படிக்கைப்படி இலவச வைத்தியம், உணவுக்கு அரசு அட்டை. நேபாளத்தில் கோர்க்கா மலையில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எருமையை விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் சின்லி ஆஸ்பத்திரியைக் காட்டினால் 'இதுவா கஷ்டம்?' என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் 2021இல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் சராசரி ஆயுள் 65 வயதுக்கு இறங்கியது. கொரோனா அடித்த அடி அது. அதே வருஷம் நேபாளிகள் அதைவிடச் சில ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். கரன்ட்டும் அப்படித்தான். நேபாளத்தில் இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீட்டுக்கு மேல் விளக்கு எரிகிறது. நவஹோ மண்ணிலோ பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இன்னும் கம்பி வராமல் கிடக்கின்றன. குழாய்த் தண்ணீர் இல்லாத வீடு பத்துக்கு மூன்று. ஐந்து பங்கு பணக்காரர் வீட்டில் ஏன் விளக்கு இல்லை என்ற கேள்வியை உன் ஸ்லைடு கேட்கவே இல்லை. 'நேபாளம்' என்று பெயர் வைத்ததுமே கேள்வி முடிந்துபோகிறது பார். நேபாளம் என்றால் ஏழை, ஏழை என்றால் விளக்கு இருக்காது, அவ்வளவுதான்.

பேஜ் ஊருக்கு நாம் காரில் போன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். தூரத்தில் மூன்று புகைபோக்கிகள். 2,250 மெகாவாட் அனல்மின் நிலையம் என்று நீ சொன்னதும் நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிலக்கரி கொண்டுவரும் ரயில் அப்போது 50 கே.வி.யில் (கிலோவோல்ட்) ஓடிக்கொண்டிருந்தது, உலகத்திலேயே அந்த மின்னழுத்தத்தில் ஓடிய முதல் பாதை அது. லைன் வேலை பார்த்தவனுக்கு அது கோயில் கோபுரம் மாதிரி. நீ சிரித்தாய். திரும்பி வரும்போது, 500 கே.வி. லைன் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போக, கொஞ்ச தூரத்தில் உன் வார்டில் வேலை பார்க்கும் பெண்ணின் பாட்டி வீடு. ஆட்டுக்கறிக் குழம்பும், பூரியைப் பெரிதாக்கியது போன்ற பொரித்த ரொட்டியும் கொடுத்தார்கள். இருட்டியதும் பேட்டரி விளக்கைப் போட்டு மேஜையில் வைத்தார் பாட்டி. இன்சுலின் ஐஸ் பெட்டியில் இருந்தது.

'அப்பா, இந்த லைனிலிருந்து இவங்களுக்கு ஒரு கம்பி இழுத்துக் கொடுக்க முடியாதா?' என்று கேட்டாய். நான் உடனே, 500 கே.வி.யிலிருந்து வீட்டுக்கு நேராக எடுக்க முடியாது, துணைமின் நிலையம் வேண்டும், பிறகு 33, 11 என்று இறக்க வேண்டும் என்று வகுப்பு எடுத்தேன். நான் சொன்னது சரிதான். ஆனால் அதே பதிலை வேறு ஓர் இடத்தில் நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருந்தேன். அன்றைக்கு உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

1993இல் எனக்கு 33 வயது. நீ பிறந்திருக்கவில்லை. ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்காகக் கோர்க்கா மாவட்டத்தில் 33 கே.வி. லைன் இழுத்துக்கொண்டிருந்தோம். லாரி போகாத மலை. தரௌந்தி ஆற்றுக்கு மேலே ஒரு ஊர், குருங் இனத்தார் வீடுகள் முப்பது, கீழே சரிவில் கொல்லர்களான காமி சாதியார் வீடுகள் பத்து. கம்பங்களை அந்த ஊர்க்காரர்கள்தான் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பெண்களும் சுமந்தார்கள். லைன் ஊருக்கு மேலே போய்விட்டது, ஊருக்குள் இறங்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குத் திட்டத்தில் பணம் ஒதுக்கவில்லை. 'எங்களுக்கு எப்போது?' என்று கேட்டார்கள். '33 கே.வி.யிலிருந்து நேராக எடுக்க முடியாது' என்று அதே வகுப்பை அரைகுறை நேபாளியில் நடத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்த ஊர் அப்புறம் என்ன செய்தது என்பதுதான் விஷயம். இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். விளக்கு எரிந்தது, ஆனால் எங்கள் லைனில் இல்லை. ஓடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே 'பெல்ட்ரிக் செட்'. பெல்டன் சக்கரத்தையும் ஜெனரேட்டரையும் ஒன்றாகச் சேர்த்த குட்டி இயந்திரம், நேபாளத்திலேயே உருவானது. பட்டாளத்து பென்ஷன் வாங்கும் மூன்று லாஹுரேக்கள் பணம் போட்டிருந்தார்கள். ஊர்க் கமிட்டி, பல்புக்கு மாதம் இவ்வளவு என்று வசூல். 1992இல் வந்த மின்சாரச் சட்டப்படி 1,000 கிலோவாட் வரைக்கும் லைசென்ஸே வேண்டாம். ஓடை ஊருடையது, முடிவும் ஊருடையது. (காமி வீடுகளுக்கு மட்டும் கம்பி போகவில்லை. கேட்டால், 'அடுத்த வருஷம்' என்றார்கள். இதையும் எழுதாவிட்டால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன்.)

நேபாளிகள் உழைப்பாளிகள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் ஊர் டாக்டர்கள் இரண்டு பேர் என்னிடமே 'இவர்கள் ஏன் தாங்களாகவே எதுவும் செய்துகொள்வதில்லை' என்று கேட்டார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டி தன் வீட்டுக்கு ஒரு கம்பம் நட வேண்டும் என்றால் என்னென்ன வேண்டும் என்று அன்றைக்கே விசாரித்தேன். முதலில் வீட்டு மனைக்குக் குத்தகைப் பத்திரம். நிலம் 1868 உடன்படிக்கையில் திரும்பக் கிடைத்ததுதான், ஆனால் உரிமைப் பத்திரம் வாஷிங்டன் பெயரில், இவர்களுக்காக அது 'பாதுகாத்து' வைத்திருக்கிறதாம். பிறகு மேய்ச்சல் உரிமை வைத்திருப்பவரின் சம்மதம், தொல்லியல் ஆய்வு, நவஹோ தலைநகரான விண்டோ ராக்கில் ஒரு கையெழுத்து, கூட்டரசு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து. வீடுகளும் நம்மூர் மாதிரி நெருக்கமாக இல்லை. தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் வரும் பரப்பு, அதில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் பேர். கோர்க்காவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நாற்பது வீட்டுக்குப் போதும். அங்கே ஒரே வீட்டுக்காக ஒரு மைல் கம்பி இழுக்க வேண்டும்.

1966இலிருந்து 2009 வரைக்கும், பக்கத்துப் பூர்வகுடிகளான ஹோப்பிகளோடு எல்லைத் தகராறு என்று சொல்லி, மேற்குப் பக்கத்தில் 15 லட்சம் ஏக்கரில் வீட்டுக்கு ஓட்டை அடைக்கக்கூட அனுமதி இல்லாமல் அரசு தடை போட்டிருந்ததே, அது உன் ஸ்லைடில் எங்கே? நாற்பத்துமூன்று வருஷம், கண்ணு. நிலக்கரிக் கதையும் இல்லை. ஆரம்பத்தில் டன்னுக்கு அதிகம் போனால் 37.5 சென்ட் ராயல்டி. அதை 20 சதவீதமாக உயர்த்தலாம் என்று 1984இல் உள்ளூர் அதிகாரி முடிவு செய்தார். நிலக்கரிக் கம்பெனியின் ஆள் உள்துறை அமைச்சரைத் தனியாகப் பார்த்துப் பேச, முடிவு கிடப்பில் போனது. கடைசியில் 12.5க்கு ஒப்புக்கொண்டார்கள் நவஹோக்கள். வழக்குப் போட்டு 2003இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அந்தக் கரியில் எரிந்த நிலையத்தின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு, கொலராடோ ஆற்றுத் தண்ணீரை ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இறைக்கப் போனது. பாட்டி டிரம்மில் தண்ணீர் கொண்டுவர பிக்கப் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறார். நிலையத்தை 2019 நவம்பரில் மூடினார்கள். போன வேலைகளில் பெரும்பாலானவை நவஹோக்களுடையவை. 2023இல் நவஹோக்களின் தண்ணீர் உரிமை வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நாலு என்று தோற்றது.

1930களின் ஆடுகளையும் சேர்த்துக்கொள். மண் அரிப்பு, ஹூவர் அணையில் வண்டல் சேரும் என்று சொல்லி அரசாங்கம் மந்தையில் பாதிக்கு மேல் குறைத்தது. சுட்டுப் போட்டு அப்படியே அழுகவிட்ட இடங்களும் உண்டு. ஆடு பெண்களின் சொத்து. அந்தப் பாட்டியின் அம்மாவுக்கு அது நம் வீட்டு நகையை ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டு போனது மாதிரி. நேபாளத்தில் மன்னர்களும் ராணாக்களும் ஜனங்களைப் பிழிந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வேறு வகைக் கொடுமை.

அதற்காக நேபாளத்தை மெச்சி எழுதிவிடாதே. அங்கே நிலம் சொந்தம், 'லால்புர்ஜா' என்ற பட்டா கையில் இருக்கும். அதை வைத்துக் கடன் வாங்கலாம், அதனாலேயே அது போகவும் போகும். கத்தாருக்கோ மலேசியாவுக்கோ போக ஏஜென்டுக்குப் பணம் வேண்டும், சாகுகாரன் மூன்று வட்டிக்குக் கொடுப்பான். நூற்றுக்கு மாதம் மூன்று, வருஷத்துக்கு 36. பையன் முதல் வருஷம் முழுக்க வட்டிக்கே உழைப்பான், சிலர் பெட்டியில் திரும்புவார்கள். 2021 கணக்கெடுப்பின்போது ஏறக்குறைய 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். நாட்டின் வருமானத்தில் கால்வாசி அவர்கள் அனுப்பும் பணம். ஏழைகள் 1995-96இல் நூற்றுக்கு 42 பேர், 2022-23இல், வறுமைக் கோட்டையே மேலே உயர்த்திய பிறகும், 20 பேர். ஆனால் நான் பார்த்தது கண்டகிப் பகுதி, அங்கே 12தான். மேற்கோடியில் சுதூர்பஸ்சிமில் 34. எந்த நேபாளத்தை ஸ்லைடில் போடப் போகிறாய்?

நவஹோ மண்ணின் ஒரு பகுதி இருக்கும் நியூ மெக்சிகோவில் சிறு கடன்களுக்குச் சட்டம் அனுமதித்த வட்டி 2022 முடியும் வரை வருஷத்துக்கு 175 சதவீதம். நம்ம கணக்கில் பதினாலரை வட்டி. 2023 ஜனவரியிலிருந்து 36 ஆக்கினார்கள். கோர்க்கா சாகுகாரனின் அதே மூன்று வட்டிக்கு இறங்கியதைத்தான் அங்கே ஏழைகளுக்குக் கிடைத்த வெற்றியாகக் கொண்டாடினார்கள் என்று படித்தபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நிலத்தை அடகு வைக்க முடியாததால் கார் பத்திரத்தை வைக்கிறார்கள், வெள்ளி நகையை வைக்கிறார்கள். வீடு கட்டவும் பேங்க் லேசில் கொடுப்பதில்லை, அதனால் டிரெய்லர் வீடு, அது கார் மாதிரி வருஷத்துக்கு வருஷம் விலை இறங்கும். ஒன்று மட்டும் உண்டு, அந்த நிலத்தை எந்த சாகுகாரனும் எழுதி வாங்க முடியாது. இதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

பணம் ஓடும் திசையையும் கவனி. நேபாளத்தில் பையன் கத்தாரில் சம்பாதிப்பது மலைக்கு வந்து சேர்கிறது. தகரக் கூரை ஆகிறது, பிள்ளைகளின் போர்டிங் பள்ளிச் சம்பளம் ஆகிறது. நவஹோ மண்ணில் சம்பளம் வெள்ளிக்கிழமை வருகிறது, சனிக்கிழமை எல்லைக்கு வெளியே கேலப் ஊரில் செலவாகிவிடுகிறது. அவ்வளவு பெரிய பரப்பில் சரியான மளிகைக் கடை பதின்மூன்றுதானே? நீயே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்த்தான் காய் வாங்குகிறாய்.

சரி, மாற்றி எழுத எனக்குத் தோன்றியது இது: ஸ்லைடில் இரண்டு படம் போடு. கோர்க்காவில் நான் எடுத்தது ஒன்று, ஸ்கேன் செய்து இத்தோடு அனுப்புகிறேன். நீலச் சட்டை போட்டிருப்பது கமிட்டி செயலாளர். 2015 நிலநடுக்கம் அந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது, அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. இன்னொன்று பாட்டி வீட்டுக்கு மேலே போகும் லைன், நீ எடுத்தது. தலைப்பு வேண்டாம். டாக்டர்களே கேட்கட்டும்.

அப்புறம் ஒரு வேலை. 2019இலிருந்து வெளி மாநில மின்வாரிய லைன்மேன்கள் வந்து நவஹோ வீடுகளுக்குத் தன்னார்வமாகக் கம்பி இழுத்துக் கொடுக்கிறார்கள் என்று படித்தேன். பாட்டி பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேள். பக்கத்தில் இருக்கும் விநியோகக் கம்பம், அந்தப் பெரிய லைன் இல்லை, சின்னக் கம்பம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கார் மீட்டரில் பார்த்து எனக்கு எழுது. எத்தனை கம்பம் ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அம்மா நார்த்தங்காய் உப்புப் போட்டு வைத்திருக்கிறாள், வெயில் போதவில்லையாம், அடுத்த பார்சலில்தான் வரும்.

அன்புடன்,
அப்பா