வாங்காத எந்திரத்துக்கு வாழ்த்துரை எதற்கு, அண்ணாச்சி?

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் சிறுதொழில் எந்திரம் விற்கும் அண்ணாச்சிமார்களுக்கும், கடனுக்குப் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதித் தரும் ஆலோசகர்களுக்கும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டுப் பிழைக்கும் ஒருத்தி எழுதுவது. வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். பொருட்காட்சியில் நின்ற அந்த ஃபிளெக்ஸைப் பார்க்காதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். அப்பள எந்திரம் ஒன்று, பக்கத்தில் மாவுக் கையோடு சிரிக்கிற நான், கீழே ‘எங்கள் வாடிக்கையாளர் பேசுகிறார்’ என்று நாலு வரி. அந்த நாலு வரியை நான் சொல்லவில்லை. ‘உற்பத்தித் திறன் பன்மடங்கு உயர்ந்தது’ என்றெல்லாம் எங்கள் கூடத்தில் ஒருத்தியும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த எந்திரத்தை நான் வாங்கவும் இல்லை. ஆடிச் சாரலில் போட்ட அப்பளம் காயாமல் தவித்துக்கொண்டிருந்த சமயத்தில், ‘வெச்சுப் பாருங்கம்மா, பிடிச்சா எடுத்துக்கோங்க’ என்று உங்களில் ஒருவர் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் உளுந்து மாவு இறுக்கமாகப் பிசைவது. உருளையில் கொடுத்ததும் ஓரம் ஓரமாகக் கிழிந்தது. தண்ணீர் விட்டு இளக்கினால் உருளை இழுத்தது, ஆனால் பொரித்த அப்பளம் எண்ணெயைக் குடித்தது. ‘எங்களுக்கு ஒத்துவராது அண்ணாச்சி’ என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவரும் முகம் கோணாமல் ஏற்றிக்கொண்டு போனார். இறக்கிய அன்றைக்கு எடுத்த படம்தான் இப்போது ஊர் ஊராகப் போகிறது. பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவனை மாப்பிள்ளை என்று பத்திரிகை அடித்த கதைதான் இது.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஒரு நாள் காலையில் சுரண்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சண்டை போட வரவில்லை. வந்திருந்தால்கூட மனசுக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளை கேட்டது இதுதான்: ‘யக்கா, ஒங்க மெஷின் ஓடுததை ஒருக்கப் பாத்துட்டுப் போயிருதோம். எங்க மெஷின்ல மாவு கிழியுது. ஒங்களுக்கு எப்படிச் சரியா வருதுன்னு பக்குவம் மட்டும் சொல்லித் தாங்க.’ தப்பு தன் கையில்தான் இருக்கிறது என்று நினைத்து, என்னிடம் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள். கூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். பலகையும் குழவியுமாகப் பெண்கள் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எந்திரம் எந்த மூலையில் இருக்கிறது என்று அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். ‘அப்போ அந்தப் படம்?’ என்றார். நான் என்ன பதில் சொல்ல? அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் கிடந்தது. மற்றதெல்லாம் அடகில். ‘கல்லிடை அப்பளக்காரங்களே வாங்கிட்டாங்கன்னா யோசிக்கவா செய்வாங்க’ என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சாப்பிடச் சொன்னேன், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அவர்களுடைய புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் என் யூனிட் இருக்கிறது. ‘இவ்வகை எந்திரம் கல்லிடைக்குறிச்சியில் வெற்றிகரமாக இயங்கி வருகிறது’ என்று எழுதியிருக்கிறார் ஆலோசகர். அந்த ஆலோசகருக்கு எந்திரக் கம்பெனியிலிருந்து கமிஷன் உண்டு என்பது பிறகு தெரிந்தது. கமிஷன் வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் வயிற்றுக்குத்தான் ஓடுகிறோம். அதை அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதியிருந்தால், படிக்கிற பேங்க் மேனேஜரும் கையெழுத்துப் போடுகிற பிள்ளையும் இன்னொரு தடவை யோசித்திருப்பார்கள். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு என்று 2020இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று வைத்தார்கள். அது போக மிச்சக் கடன் அவர்கள் தலையில்தான். எந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை வரும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று: என்ன உறவு என்று எழுதுங்கள். வாங்கினாரா, வைத்துப் பார்த்தாரா, சும்மா கொடுத்தீர்களா, தள்ளுபடியில் கொடுத்தீர்களா, சொந்தக்காரரா, கமிஷன் உண்டா? படத்துக்குக் கீழே ஒரு வரி போதும்.

இதை நான் புதிதாகக் கேட்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள் இதைத்தான் சொல்கின்றன. பரிந்துரை சொல்கிறவரின் உண்மையான கருத்தாக அது இருக்க வேண்டும். விற்கிறவருக்கும் அவருக்கும், பார்க்கிறவர் எதிர்பார்க்காத ஓர் ஒட்டுதல் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்ட எந்திரம் வாங்குகிறவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அபராதம் பரிந்துரைத்தவருக்கும் உண்டு. ஃபிளெக்ஸைப் பார்க்கிறவர்களுக்குப் பரிந்துரைத்தவள் நான்! வாங்காத எந்திரத்துக்குச் சொல்லாத வார்த்தைக்காக நான் போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். ரொம்ப நன்றி அண்ணாச்சி.

இன்னொன்றும் நடந்தது. விற்பனைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். வந்த பயோடேட்டா ஒன்றில் ‘கல்லிடைக்குறிச்சி அப்பள நிறுவனத்தின் உற்பத்தியை நவீனப்படுத்தினேன்’ என்று இருந்தது. எந்த நிறுவனம் என்று பார்த்தால் எங்களுடையதுதான்! எந்திரத்தோடு வந்து சுவிட்ச் போட்டுக் காட்டிய பையன், அது என் இடம் என்று தெரியாமலே எனக்கே அனுப்பிவிட்டான். கூப்பிட்டுக் கேட்டேன். ‘எங்க ஓனர்தான் அப்படிப் போடச் சொன்னாரு’ என்றான். அவனை நான் எப்படித் திட்ட? காவல்கிணறு, பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிற பையன்களுக்கும் இதே கதைதான். ஒப்பந்தக்காரரிடம் சம்பளம், சட்டையில் பெரிய கம்பெனி பெயர். பயோடேட்டாவில் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்ததாகவே எழுதுகிறான். அடுத்த இடத்தில் பி.எஃப். கணக்கைத் திறந்து பார்த்தால் ஒப்பந்தக்காரர் பெயர்தான் வருகிறது. பொய்யன் என்று பெயர் வாங்குவது பையன். சட்டையைத் தைத்துக் கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை. ‘ஒப்பந்தக்காரர் மூலமாக அங்கே வேலை பார்த்தேன்’ என்று எழுதினால் அவன் ஏறிய உயரம் குறைந்துவிடுமா?

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களில் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவும் இல்லை. மாவு பிசையும் எந்திரம் வாங்கப் போனபோது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒருவர் சொன்னார்: ‘இது என் மச்சினன் யூனிட்ல ஓடுது, போய்ப் பாருங்க. மச்சினன்கிறதையும் மனசுல வெச்சுக்கிட்டே பாருங்க.’ போய்ப் பார்த்தேன். மச்சினன் எந்திரத்தின் குறையையும் சொன்னார். அவரிடமே வாங்கினேன், இன்றைக்கும் ஓடுகிறது. அவர் கடைக்கு வேண்டுமானால் என் படத்தை, என் வாயால் சொன்ன வார்த்தையோடு தாராளமாக மாட்டிக்கொள்ளட்டும்.

ஆகவே தயவுசெய்து, என் படத்தை ஃபிளெக்ஸிலிருந்தும் நோட்டீஸிலிருந்தும் வாட்ஸ்அப் வீடியோவிலிருந்தும் எடுத்துவிடுங்கள். சுரண்டைத் தம்பதியின் எந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். எனக்கு வருத்தம் தெரிவிப்பதைவிட அது அவசரம். அடுத்து நீங்கள் கூடும்போது, இனி யார் படம் போட்டாலும் கீழே என்ன உறவு என்று எழுதுவதாகத் தீர்மானம் போடுங்கள். ரிப்போர்ட் எழுதுகிற ஆலோசகர்களும் கமிஷனை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே சொல்லட்டும்.

பதிலைக் கடிதமாகவே அனுப்புங்கள், ஃபோனில் வேண்டாம். நோட்டீஸில் என் நம்பரையும் போட்டுவிட்டீர்கள் அல்லவா, உங்கள் எந்திரத்தைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கே அது நாள் முழுக்கச் சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் அல்லாத,
கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரி