தாயமே விழாத தாயக்கட்டை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: தாயம் பெட்டியில் வந்த கட்டைகளில் பிழை

வணக்கம்.

வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்பு உங்கள் தாயம் பெட்டி வந்து சேர்ந்தது. துணிக் கட்டம், நான்கு நிறத்தில் மரக்காய்கள், ஒரு ஜோடி பித்தளைக் கட்டை. விலை 1,250 ரூபாய். கண்விழிக்கும் இரவுக்கென்றே வாங்கினேன். அம்மா, பெரியம்மா, பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அரை மணி நேரம் உருட்டினோம். ஒருவருக்கும் தாயம், அதாவது ஒன்று, விழவில்லை. தாயம் விழாதவரை வேறு எண்ணை யாரும் கவனிப்பதில்லை அல்லவா? கடைசியில் பெரியம்மாதான், "ஏழு எப்படி விழும்?" என்று கேட்டார்.

கட்டையை விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். நான்கு முகத்திலும் புள்ளி: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டு கட்டையும் அப்படியே. தாயக்கட்டையில் நான்கு கிடையாது. அந்த முகம் வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு கட்டை வெறுமையும் மற்றது ஒன்றும் காட்டினால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஏழு விழவே விழாது. சரியான ஜோடி விழக்கூடிய 16 விதங்களில் இரண்டு தாயம், ஒன்று பன்னிரண்டு. உங்கள் கட்டையில் இரண்டு முதல் எட்டு வரைதான் விழும். விடிய விடிய உருட்டினாலும் ஒரு காய்கூட இறங்காது. தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்று உங்கள் விதித்தாளிலேயே இருக்கிறது.

அன்று பெரியம்மா புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்துக் கொடுத்து ஆட்டத்தைக் காப்பாற்றினார்.

தொலைபேசியில் கேட்டதற்கு, "நான்கு முகத்துக்கு நான்கு எண், எல்லாப் பெட்டியும் இப்படித்தான்" என்றார்கள். அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. பெட்டி மேல் கீழடியில் கிடைத்த தந்தப் பகடையின் படத்தைப் போட்டுவிட்டு, உள்ளே ஆடவே முடியாத கட்டையை வைக்கலாமா? விளையாடிப் பழகியவர்கள் பிழையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல்முறை வாங்கும் பிள்ளைகள் இது சலிப்பான ஆட்டம் என்று மூலையில் போட்டுவிடுவார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று உள்ள ஒரு ஜோடி கட்டையை 15 நாளுக்குள் உங்கள் செலவில் அனுப்புங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அப்புறம், கடைகளுக்குப் போன பெட்டிகளையும் திரும்பப் பெற்றுக் கட்டையை மாற்றுங்கள். ரசீதும் நான்கு முகங்களின் படமும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்