பூநகரிக்குப் பெயர் பூநகரிதான்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பின் சுற்றுலாக் கட்டுரையில் ஒரு வரி: "பூனேரின் என்ற சிற்றூரில் பார்க்க ஒன்றுமில்லை, பாலத்தில் செல்பி எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்." வெள்ளைக்காரனுக்குப் பூநகரி வாயில் நுழையவில்லை, சரி. யாழ்ப்பாணத்தில் அச்சாகும் தமிழ்ப் பத்திரிகைக்கு என்ன வந்தது? கிளிநொச்சி மாவட்டம் என்றபடியால் அவ்வளவு தூரமாகிவிட்டதோ?

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் பூநகரியையும் இணைக்கும் அந்தச் சங்குப்பிட்டிப் பாலம் 2011 தையில் திறக்கப்பட்டது, 288 மீற்றர். முன்னொரு காலம் கேரதீவில் 'பாதை'க்குக் காத்துக்கிடந்தவர்கள் இன்னமும் உங்கள் வாசகர்கள். பாதை என்றால் வீதியல்ல, வாகனம் ஏற்றிக் கடக்கிற மிதவை என்று கட்டுரையாளருக்கு யாராவது சொல்லிவிடுங்கள்.

ஒன்றுமில்லையாம். நாவற்குழியில் ஏ9 ஐ விட்டு ஏ32 இல் திரும்பினால் தனங்கிளப்பிலேயே தொடங்கிவிடுகிறது. மாரிக்கு நிரம்பிய களப்பு தை, மாசியில் வற்ற, ஆழமில்லாத தண்ணீரில் பூநாரை கூட்டமாக நிற்கும். தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை வடித்துத் தின்கிற பறவை அது. வெள்ளம் நிற்கும் கார்த்திகையில் போய்ப் பறவையைக் காணோம் என்று எழுதினால் அது பறவையின் பிழையா? எட்டு மணிக்கு முன் போகவேண்டும். பிந்தினால் கானல் எழும்பி, படத்தில் பஞ்சுதான் விழும். வாகனத்துக்குள் இருந்தே பார்க்கலாம், இறங்கி நடந்தால் கூட்டம் கிளம்பிவிடும். போன வருடம் முன்பக்கத்தில் போட்டீர்களே, ட்ரோனில் எடுத்த 'பறக்கும் அழகிகள்' படம்! அவை ஏன் பறந்தன என்று தாங்கள் அறியாததல்ல.

வாடியடிச் சந்திக்குக் கிட்ட வீதியோரத்தில் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1770 இல் ஒல்லாந்தர் பெருப்பித்தது. சதுரம், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம். கட்டுரையாளர் அதைக் கடந்துதான் போயிருப்பார்.

பிறகு கௌதாரிமுனை, அதற்கப்பால் மண்ணித்தலை மணல்மேடுகள், இடிந்த பழஞ்சிவன் கோயில். அங்கே வாடகை ஹயஸ் வானில் போகாதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நாலு சில்லும் இழுக்கிற வாகனம் வேண்டும். அதற்கும் மணல் தொடங்குமிடத்தில் ரயர்க் காற்றை 30 இறாத்தலிலிருந்து 18 வரை இறக்கவேண்டும், ரயர் பரந்தால்தான் மணல் தாங்கும். புதைந்தால் அக்சிலேற்றரை அமத்தக் கூடாது. அமத்த அமத்தச் சில்லு தனக்குத்தானே குழி தோண்டும். முன்மணலைக் கையால் விலக்கி, காவோலை போட்டு, மெல்ல எடுக்கவேண்டும். திரும்பி வீதிக்கு ஏறமுன் காற்றடிக்கப் பம்ப் கையில் இருக்கட்டும். தண்ணீரும் கொண்டுபோக வேண்டும். வைகாசியிலிருந்து சோழகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

அந்த மேடுகளை இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அதன்மேல் வாகனம் ஓட்டிப் படம் எடுக்கிறோம். மணலுக்குள் இறங்கும் மழைநீர் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்பதால்தான் அந்தக் கரைக் கிணறுகளில் குடிக்க முடிகிறது. மணலை ரிப்பர் லொறியில் ஏற்றினால் அந்த நல்ல தண்ணீரும் கூடவே போகும். மணல் ஏற்றுவதைப் பற்றி எழுதிய கடிதங்கள் இரண்டும் உங்களிடம் கிடக்கின்றன. இடமில்லை என்றீர்கள். செல்பிக்கு அரைப்பக்கம் இருந்தது.

பூநகரியின் மொட்டைக்கறுப்பன் அரிசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைக்கூட விட்டுவிடுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான்: வருகிற ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். 'பூனேரின்' அல்ல, பூநகரி. நாலு எழுத்து, இடம் அதிகம் பிடிக்காது.

இப்படிக்கு,
தென்மராட்சி வாசகர்