'ஃபிஷிங்' வந்த வழி

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய மோசடி பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஆள்மாறாட்டம் செய்து பாஸ்வேர்டைக் கறக்கும் 'ஃபிஷிங்' என்பது 'பாஸ்வேர்டு ஹார்வெஸ்டிங் ஃபிஷிங்' (பாஸ்வேர்டு அறுவடை செய்யும் மீன்பிடிப்பு) என்பதன் சுருக்கம் என்று எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. சொல் புழக்கத்துக்கு வந்தபிறகு அதன் முதல் இரண்டு எழுத்துக்கு யாரோ கட்டிவிட்ட கதை அது.

மீன்பிடிப்புக்கான ஆங்கிலச் சொல் 'எஃப்' எழுத்தில் தொடங்கும். மோசடிச் சொல்லோ 'பி-எச்'சில் தொடங்குகிறது. அந்த 'பி-எச்' வந்தது தொலைபேசியிலிருந்து. எக்ஸ்சேஞ்சில் 31 ஆண்டு குப்பை கொட்டியவன் என்பதால் இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

1960, 70களில் அமெரிக்காவில் தொலைபேசி இணைப்புகளைக் குடைந்து பார்ப்பதே வேலையாக ஒரு கூட்டம் இருந்தது. 'ஃபோன்', கிறுக்கு என்று பொருள்படும் 'ஃப்ரீக்' இரண்டையும் ஒட்டி அதற்கு 'ஃப்ரீக்கிங்' என்று பெயர். எழுதுவது 'பி-எச்' போட்டு. அங்கே தொலைதூர லைன் காலியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் 2600 ஹெர்ட்ஸ் ஒலி. 'கேப்டன் க்ரஞ்ச்' என்ற காலை உணவுப் பெட்டியில் இலவசமாகக் கிடைத்த பொம்மை விசிலிலும் அதே ஒலி! இலவச எண் ஒன்றை அழைத்துவிட்டு விசிலை ஊதினால், பேச்சு முடிந்தது என்று எதிர்முனை எக்ஸ்சேஞ்ச் ஏமாந்துவிடும். அப்புறம் வேறு சில ஒலிகளைக் கொடுத்துக் காசில்லாமல் பேசலாம். இதில் பேர்போன ஜான் டிரேப்பருக்கு 'கேப்டன் க்ரஞ்ச்' என்றே பட்டப்பெயர்.

அடுத்த தலைமுறை 1990களில் 'அமெரிக்கா ஆன்லைன்' என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கைவரிசை காட்டியது. முதலில் போலி கிரெடிட் கார்டு எண்களால் கணக்கு தொடங்கினார்கள். 1995இல் நிறுவனம் அந்த வழியை அடைத்ததும், ஊழியர்கள்போல நடித்து வாடிக்கையாளர்களிடமே பாஸ்வேர்டு கேட்க ஆரம்பித்தார்கள். தூண்டில் போடும் வேலைதானே! பழைய 'பி-எச்'சையும் மாட்டிவிட்டார்கள். 1996 ஜனவரியிலேயே யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத மேடையின் பதிவு ஒன்றில் இந்தச் சொல் இருக்கிறது.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது, "ஃபிஷிங்னா மீன்பிடிக்கிறதுதானே, இதுல என்ன ஆராய்ச்சி?" என்றார் என் மனைவி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'ஃபிஷிங்'தான். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று.

— ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர், தஞ்சாவூர்