எல்லைக்கு வெளியே துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்டுப்பன்றிகளைச் சுடுவது பற்றிய தமிழக அரசின் ஆணை குறித்து எழுதுகிறேன். முதலில் ஓர் ஒப்பீடு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995-இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களுக்கு உள்ளே முழுப் பாதுகாப்பு உண்டு. எல்லையைத் தாண்டினால் மாநிலச் சட்டப்படி வேட்டையாடலாம். ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை அணிவித்துக் கண்காணித்த பெண் ஓநாய் ஒன்று, 2012 டிசம்பரில் வயோமிங்கில் அவ்வாறே சட்டப்படி சுடப்பட்டது. அதிலிருந்து மூண்ட விவாதம் இன்னும் ஓயவில்லை.

நம் மாநிலத்திலும் காட்டின் எல்லையை வைத்தே விதி வந்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விடவேண்டும் என 2025-இல் தமிழக அரசு அறிவித்தது. யெல்லோஸ்டோன் விதியைவிட இது நிதானமானது என்றே சொல்வேன். ஆனால் குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பகுதிகளில் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) காட்டை ஒட்டியே நிற்கின்றன. ஒரே இரவில் பத்திருபது மூடுகளைக் கிளறி, பாதி கடித்த கிழங்குகளை மண்ணோடு போட்டுவிட்டுப் போகும் பன்றிக்கு எதிராக, அங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் பாட்டத்துக்காரருக்கு இந்த ஆணையால் என்ன பயன்? இங்குள்ள வனவிலங்குச் சரணாலயத்துப் புலிக்கும் சிறுத்தைக்கும் பன்றி இரையாகும் விலங்கு என்பதால் காட்டோரத்தில் துப்பாக்கியை நானும் கேட்கவில்லை. பயிர் இழப்பீட்டை அடுத்த நடவுக்கு முன்பே வழங்கவும், சூரியசக்தி வேலிக்கு மானியம் அளிக்கவும் வனத்துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
குலசேகரம்.